பிறகு பெட்டிக்குப் போன மெயில்கள்

எங்கள் ஆபீஸ் சுவரில் ஒரு அட்டை தொங்கியது. யார் ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் மெயிலில் உட்காருகிறார்கள் என்று பச்சை, மஞ்சள், சிவப்பில் கட்டம் கட்டி எழுதியிருந்தார்கள். என்னுடையது சிவப்பு. அதுவும் சாதாரணச் சிவப்பு இல்லை, நாலு மணி பத்து நிமிஷம். டீ கொண்டுவருகிறவர்கூட அட்டையைப் பார்த்துவிட்டு என்னைப் பாவமாகப் பார்ப்பார். எனக்கு ரத்தம் கொதிக்கும்.

நான் வேலை பார்ப்பது லிஃப்ட் சர்வீஸ் கம்பெனியில். பதினொரு வருஷமாக ஒரே நாற்காலி. ஊரில் எங்கள் பராமரிப்பில் இருக்கிற முந்நூற்றுச் சொச்சம் லிஃப்டில் எது நின்றாலும், எது முனகினாலும் என் மெயிலுக்குத்தான் வரும். புகார்கள் ஒரு பக்கம். மெக்கானிக்குகள் அனுப்புவது இன்னொரு பக்கம்: ஒரு கட்டடத்துக்குள் நுழையும்போது ‘உள்ளே போகிறேன்’ என்று ஒன்று, வேலை முடிந்ததும் ‘வெளியே வந்துவிட்டேன்’ என்று ஒன்று. உள்ளே போனவர் ஒரு மணி நேரத்தில் வெளியே வராவிட்டால் நான் போன் போட்டுக் கேட்க வேண்டும். அது எங்கள் விதி. இதெல்லாம் போதாதென்று லிஃப்டுகளே தானாக மெயில் அனுப்பும். உள்ளே இருக்கிற அவசர பட்டனை யாராவது அமுக்கினால் உடனே ஒரு மெயில். முக்கால்வாசி குழந்தைகளின் கைவரிசையாக இருக்கும்.

இதையெல்லாம் ஒழுங்குபடுத்த மேனேஜர் ஒரு ஆலோசகரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் அவருக்குக் கடிகாரக்காரர் என்று பெயர் வைத்தேன். இரண்டு நாள் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, நான் எந்த மெயிலை எத்தனை விநாடி பார்க்கிறேன் என்று குறித்துக்கொண்டே இருந்தார். கொட்டாவி விட்டால்கூடக் குறிப்பாரோ என்று வாயை மூடிக்கொண்டே இருந்தேன். மூன்றாவது நாள் அவர் சொன்னது இதுதான்: ஒரே மாதிரி வருகிற மெயிலைக் கண்ணால் பார்க்கவே தேவையில்லை, அதுவாகவே ஒரு தனிப் பெட்டிக்குப் போய்விட வேண்டும்; மற்றதைக் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை பார்த்தால் போதும்.

மனுஷனைப் பிடிக்கவில்லை என்றாலும் யோசனை பிடித்துவிட்டது. அன்றே விதிகளைப் போட்டேன். ‘உள்ளே போகிறேன்’, ‘வெளியே வந்துவிட்டேன்’ எல்லாம் தனிப் பெட்டிக்கு. பட்டன் மெயில்களில் பொய் அழைப்பு என்று ஒரு தடவை முடிவுசெய்த லிஃப்டிலிருந்து வருவதெல்லாம் அதே பெட்டிக்கு. அந்தப் பெட்டிக்குக் ‘குப்பை’ என்று பெயர் வைக்க மனசு வரவில்லை. ‘பிறகு’ என்று வைத்தேன். பதினொரு வருஷத்தில் உள்ளே போன ஒருவர்கூட வெளியே வராமல் இருந்ததில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்று வாரத்தில் முப்பத்தெட்டு நிமிஷம். பச்சைக் கட்டம். ஆபீஸில் முதலிடம் என்று ஒரு பூந்தொட்டி கொடுத்தார்கள். டீக்காரர் கூடுதலாக ஒரு பிஸ்கட் வைத்தார். தலைகால் புரியாமல் திரிந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு முள்தான் உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு பழைய துணிக்கடைக் கட்டடம், ஆறு மாடி, தரைக்குக் கீழே ஒரு குடோன். கடை மூடி ஒன்றரை வருஷம். எங்களோடு இருந்த ஒப்பந்தமும் அன்றே முடிந்தது. ஒப்பந்தம் முடிந்த லிஃப்டில் பட்டனை அமுக்கினால் யாருக்கும் லைன் போகாது. லிஃப்டுக்குள் இருக்கிற ஒரு சின்னப் பெட்டி பத்து விநாடி சத்தத்தைப் பதிவுசெய்து மெயிலாக அனுப்பும், அவ்வளவுதான். அந்தக் கட்டடத்திலிருந்து வேலைநாள் தவறாமல் ஒரு மெயில் வர ஆரம்பித்தது.

முதல் மெயிலை மட்டும் திறந்து கேட்டேன். ‘ஸ்ஸ்’ என்று ஒரு இரைச்சல். நடுவில் டக், டக் என்று இரண்டு தட்டு. எலி என்று எழுதி, பொய் அழைப்பு என்று முடித்தேன். அந்தப் பதிவைக் கேட்பது லேசுப்பட்ட வேலையில்லை. தனியாக ஒரு பக்கத்தைத் திறந்து, கடவுச்சொல் போட்டு, காத்திருந்து, பத்து விநாடிச் சத்தத்துக்கு ஒன்றரை நிமிஷம் போகும். அடுத்த நாளிலிருந்து எல்லாம் நேராகப் ‘பிறகு’ பெட்டிக்குப் போனது. ஆனால் வார அறிக்கையில் மட்டும் ‘பதில் தராத அழைப்பு’ என்று என் பெயருக்கு நேராக எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. முப்பது, முப்பத்தைந்து, நாற்பது. பச்சைக் கட்டத்துக்குப் பக்கத்தில் அந்த எண் பல்லை இளித்தது. லிஃப்டில் இருக்கிற அந்தச் சின்னப் பெட்டியையே கழற்றிவிட்டால் தொல்லை விட்டது என்று வேலை உத்தரவு எழுதினேன்.

என் தம்பியும் எங்கள் கம்பெனியில்தான் மெக்கானிக். நான் சொல்லித்தான் சேர்த்தார்கள். குழந்தையில் குண்டாக இருந்ததால் வீட்டில் பூசணி என்று பெயர். இப்போது அகத்திக்கீரைத் தண்டு மாதிரி இருக்கிறான், பெயர் மட்டும் மாறவில்லை. அம்மா அப்பா போன பிறகு எனக்கென்று இருக்கிற ரத்தம் அவன் ஒருவன்தான். எங்கள் விதிப்படி மூடிய கட்டடத்துக்கு இரண்டு பேர் போக வேண்டும். அவனோடு போகிறவர் அன்றைக்கு லீவு. மறுநாளைக்குத் தள்ளியிருக்கலாம். நான் தள்ளவில்லை. ‘மின்சாரம் இல்லாத லிஃப்ட், ஒரு ஆள் போதும்’ என்று என் கையால் எழுதி அனுப்பினேன்.

கிளம்பும்போது என் மேஜைக்கு வந்தான். பூந்தொட்டியை ஸ்க்ரூடிரைவரால் இரண்டு தட்டுத் தட்டினான். எதைத் தொடுவதற்கு முன்னாலும் அப்படி இரண்டு தட்டுத் தட்டுவது அவன் பழக்கம். சின்ன வயதிலிருந்து அப்படித்தான், கதவு, டிபன் டப்பா, என் தலை என்று எதையும் விடமாட்டான். “உன் எலியப் புடிக்கப் போறேன்” என்றான். கருவிப் பையைக் கதவுக்கு முட்டுக் கொடுக்காதே, கட்டை எடுத்துக்கொண்டு போ என்று சொன்னேன். நூறாவது தடவையாகச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

இரண்டு மணிக்குமேல் மழை பிடித்தது. இரண்டு மாசமாக எட்டிப் பார்க்காத மழை, சேர்த்துவைத்துக் கொட்டியது. நாலு மணி மெயிலை முடித்துவிட்டு, இன்றைக்கு முப்பத்தாறு நிமிஷம் என்று குறித்துக்கொண்டேன். நாலு இருபத்தைந்துக்குத் தம்பி மனைவி போன் பண்ணினாள்.

“அண்ணி, அவரு பாப்பாவக் கூப்பிடப் போகல. ஸ்கூல்லேர்ந்து போன் பண்ணினாங்க. அவர் போனுக்கு லைனே போக மாட்டேங்குது. உங்ககிட்ட எதாவது சொன்னாரா?”

மழையில் எங்காவது ஒதுங்கி நின்றிருப்பான், நீ போய்க் கூட்டிக்கொண்டு வா என்று அவளை அனுப்பினேன். அப்புறம்தான் ‘வெளியே வந்துவிட்டேன்’ மெயில் எத்தனை மணிக்கு வந்தது என்று பார்ப்போமே என்று தோன்றியது. ‘பிறகு’ பெட்டியைத் திறந்தேன். ஆயிரத்துக்கு மேல் கிடந்தன. கட்டடத்தின் எண்ணைப் போட்டுத் தேடினேன்.

இரண்டு பதினாறுக்கு அவன் அனுப்பிய ‘உள்ளே போகிறேன்’ இருந்தது. வெளியே வந்த மெயில் இல்லை.

அதற்குக் கீழே அந்த லிஃப்ட் அனுப்பிய மெயில்கள் வரிசையாக நின்றன, நாற்பத்தொன்று. முதலாவதைத் தவிர ஒன்றையும் திறக்காததால் மற்றதெல்லாம் தடித்த எழுத்தில் இருந்தன. முதல் தடவையாக அவற்றை மொத்தமாகப் பார்க்கிறேன். நேற்று வந்தது ஐந்து மணிக்கு. முந்தின நாள் வந்தது நாலு ஐம்பத்தாறுக்கு. அதற்கு முந்தின நாள் நாலு ஐம்பத்திரண்டு. கீழே போகப்போக நாளுக்கு நாலு நிமிஷம் குறைந்துகொண்டே போனது. கடைசியில், இரண்டு மாசத்துக்கு முன்னால் வந்த முதல் மெயில், இரண்டு இருபது. தேதியை மறைத்துவிட்டு மணியை மட்டும் பார்த்தால் அது ஒரே ஒரு மத்தியானம். யாரோ இரண்டு இருபதிலிருந்து நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை பட்டனை அமுக்கியிருக்கிறார்கள்.

முதல் மெயிலை மறுபடி கேட்டேன். இரைச்சல், டக், டக். ஜன்னலுக்கு வெளியே மழை. இரண்டும் ஒரே சத்தம். 

இரண்டாவதைத் திறந்தேன். “ஹலோ, யாராவது இருக்கீங்களா? கதவு சாத்திக்கிச்சு.” என் தம்பி குரல். அந்த மெயில் வந்த தேதியை உற்றுப் பார்த்தேன். அன்றைக்கு அவன் பல் பிடுங்கிவிட்டுக் கன்னம் வீங்கி என் வீட்டில் படுத்திருந்தான். பேச முடியாமல் தாளில் எழுதிக் காட்டினான். கஞ்சி கரைத்துக் கொடுத்தது நான்.

பத்தாவதைத் திறந்தேன். “அக்கா, பையத்தான் முட்டுக் குடுத்தேன். சறுக்கி வெளிய போயிருச்சு. திட்டாத. மெயில் வந்தா யாரையாவது அனுப்பு.”

இருபத்திரண்டாவது. “கீழ குடோன்ல நிக்கிது லிஃப்டு. தண்ணி வருதுக்கா. கணுக்கால் வரைக்கும் வந்துருச்சு.”

அப்புறம் நேற்று ஐந்து மணிக்கு வந்தது. நேற்று ஐந்து மணிக்கு அவன் எனக்கு எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். “இடுப்பத் தாண்டிருச்சு. அக்கா, இன்னும் மெயில் பாக்கலயா?”

கடிகாரத்தில் நாலு முப்பத்தெட்டு. மீதி முப்பத்தாறையும் கேட்டால் என்ன நடந்தது என்று முழுக்கத் தெரிந்துவிடும். ஆனால் அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். இரண்டு மாசமாக ஒன்றரை நிமிஷம் ஒதுக்க முடியாதவளுக்கு இப்போது ஒரு நிமிஷம்கூடக் கையில் இல்லை. எழுந்து மேனேஜர் அறைக்குப் போனேன். எந்த மாடிக் கதவையும் வெளியிலிருந்து திறக்கிற முக்கோணச் சாவி அவர் இழுப்பறையில்தான் இருக்கும்.

அவர் என் போனை வாங்கி ஒன்றைக் கேட்டார். ஏதோ பழைய பதிவு லைனில் கலந்திருக்கும் என்றார். மெஷின் தேதியைத் தப்பாகப் போட்டிருக்கும் என்றார். சொல்லிக்கொண்டே இருந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

“சாவியக் குடுங்க சார்” என்றேன்.

கொடுத்தார். கார் சாவியையும் எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். அந்த மனுஷனை அதுவரை எத்தனையோ திட்டியிருக்கிறேன், அன்றோடு நிறுத்திவிட்டேன். போகும் வழியெல்லாம் தீயணைப்புக்குப் போன் போட்டேன். ஊர் முழுக்க வெள்ளம், வண்டி வர நேரமாகும் என்றார்கள்.  ஒரு ஆள் போதும் என்று எழுதின கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உட்கார்ந்த இடத்தில் அதைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

கட்டட வாசலில் தம்பியின் ஸ்கூட்டர் நனைந்துகொண்டு நின்றது. வாட்ச்மேன் முன்னறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போனவர் அப்போதே வெளியே போயிருப்பார் என்று நினைத்ததாகச் சொன்னார். ஸ்கூட்டர் நிற்கிறதே என்று கேட்க வந்தவள், இவரை எப்படிக் கோபிப்பது, நான் மட்டும் என்ன பார்த்துக் கிழித்தேன் என்று உள்ளே ஓடினேன்.

குடோனுக்கு இறங்குகிற படிகள் பாதியில் காணாமல் போயிருந்தன. அதற்குக் கீழே கறுப்புத் தண்ணீர். மேனேஜர் டார்ச் அடித்தார். தண்ணீரில் ஒரு நீலப் பை மிதந்து சுற்றிக்கொண்டிருந்தது. அவன் கருவிப் பை. என் போனை மேனேஜர் சட்டைப் பையில் போட்டுவிட்டு இறங்கினேன். இடுப்புக்கு மேல் தண்ணீர், தரையில் என்னென்னவோ காலை இடறியது. பெயரைச் சொல்லிக் கத்தினேன், பூசணி, பூசணி என்று. பதில் இல்லை.

லிஃப்ட் கதவில் காதை வைத்தேன். உள்ளே டக், டக்.

பதினொரு வருஷமாக அந்தச் சாவியைப் பற்றி எழுதியிருக்கிறேனே தவிர ஒரு நாளும் போட்டுத் திருப்பியதில்லை. கதவின் மேல் ஓரத்தில் ஓட்டையைத் தடவிக் கண்டுபிடித்துத் திருகினேன். துருப்பிடித்த கொக்கி அசைய மறுத்தது. மேனேஜரும் இறங்கிவந்து ஒரு பக்கம் இழுத்தார். கதவு ஒரு விரல் அளவு திறந்தது, பிறகு ஒரு கை அளவு. உள்ளேயிருந்து நாலு விரல் வந்து கதவைப் பிடித்தது. அந்த நேரத்தில் மேனேஜர் பையில் என் போன் அதிர்ந்தது.

நெஞ்சுவரை தண்ணீரில் நின்றிருந்தான். உதடெல்லாம் நீலம், கையில் ஒரே ஒரு ஸ்க்ரூடிரைவர். என்னைப் பார்த்து முதலில் கேட்டது இதுதான்: “பைய பாத்தியா?”

ஓங்கி ஒரு அறை விட்டேன். அப்புறம் கட்டிக்கொண்டு அழுதேன். மேனேஜர் படியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மேனேஜரின் மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டு அவன் என் தோளில் சாய்ந்திருந்தான். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். கதவு சாத்திக்கொண்டதும் போனில் சிக்னல் இல்லை. கூரை வழியாக ஏறலாம் என்றால் மூடியை வெளியே பூட்டியிருந்தார்கள். வேறு வழி தெரியாமல் நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை பட்டனை அமுக்கிப் பேசிக்கொண்டிருந்தானாம்.

“பேசி என்னக்கா பிரயோஜனம். அந்தப் பெட்டில பேட்டரியே இல்ல. ஒயர எப்பவோ வெட்டி எடுத்துட்டாங்க. பட்டன்ல லைட்டுகூட எரியல. உன்கிட்டப் பேசுற மாதிரி இருக்கட்டுமேன்னு அமுக்கிட்டே இருந்தேன்.”

நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வைப்பரை வேகமாக வைத்துவிட்டு ரோட்டைப் பார்க்கத் தொடங்கினார்.

மேனேஜரிடமிருந்து போனை வாங்கி, இரண்டு மாசமாக அந்தப் பெட்டியிலிருந்து மெயில் வந்ததைச் சொல்லி, நான் கேட்டவற்றைத் தம்பிக்குப் போட்டுக் காட்டினேன். ஐந்து நான்குக்கு ஒரு மெயில் வந்திருந்தது. கதவு திறக்கிற சத்தமும் நான் கத்தினதும் அதில் இருக்கும் என்றுதான் நினைத்தேன். அவனுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

தண்ணீர் அலம்புகிற சத்தம். டக், டக். “அக்கா, நெஞ்சு வரைக்கும் வந்துருச்சு. நீ வருவன்னு தெரியும். சீக்கிரம் வா.”

தம்பி என் தோளிலிருந்து தலையை எடுத்தான். போனை வாங்கி, இன்னொரு தடவை போட்டுக் கேட்டான்.

“மத்ததெல்லாம் நான் பேசினதுதான்க்கா. இது நான் பேசல. இந்த நேரத்துக்கு நீ சாவி போட்டுட்ட. நான் கதவப் புடிச்சு இழுத்துட்டு இருந்தேன்.”



மறுநாள் ஐந்து எட்டுக்கு மெயில் வந்தது. தண்ணீர், இரண்டு தட்டு, மூச்சு. அதற்கு அடுத்த நாள் காலையில், தீயணைப்புக்காரர்கள் தண்ணீரை இறைத்த பிறகு, மேனேஜரே ஒரு ஆளோடு போய் அந்தப் பெட்டியைக் கழற்றிக்கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். உள்ளங்கை அளவுப் பெட்டி. பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் சேறு. ஒயர் நுனிகள் மழுங்கிப்போயிருந்தன. அன்று மாலை அது என் கண்ணெதிரில், பூந்தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும்போதே, ஐந்து பன்னிரண்டுக்கு அதனிடமிருந்து மெயில் வந்தது. “கழுத்துக்கு வந்துருச்சுக்கா. பாப்பா ஸ்கூல்ல காத்துட்டு இருப்பா. யாராவது போய்க் கூட்டிட்டு வந்துருங்க.”

பாப்பாவை அன்றே கூட்டிக்கொண்டு வந்தாயிற்று என்று பதில் எழுதினேன். இந்த முகவரிக்கு மெயில் அனுப்ப முடியாது என்று உடனே திரும்பி வந்தது.

இப்படித்தான் எனக்குப் புரிந்தது. நான் ‘பிறகு’ பெட்டியைத் திறந்து பார்த்ததால் என் தம்பி வீட்டில் இருக்கிறான். நான் பார்க்காமலே இருந்துவிட்ட இன்னொரு மத்தியானமும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் நான் நாலு மணி மெயிலை முடித்துவிட்டு, முப்பத்தாறு நிமிஷம் என்று குறித்துவிட்டு, பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். அங்கே இருக்கிறவனும் என் தம்பிதான். அவனுக்குச் சாவி எடுத்துக்கொண்டு போக எனக்கு வழி தெரியவில்லை.

மேனேஜர் என்னிடம் தனியாகப் பேசினார். அந்த முகவரியிலிருந்து வருவதைக் கண்ணில் படாமலே அழித்துவிடுகிற மாதிரி ஒரு விதி போடலாம், தானே போட்டுத் தருகிறேன் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். வேண்டாம் என்றேன். இருக்கிற விதிகளையும் எடுத்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு ‘உள்ளே போகிறேன்’ மெயிலையும் நானே திறக்கிறேன், வெளியே வந்துவிட்டார்களா என்று பார்த்து டிக் அடிக்கிறேன். என் கட்டம் மறுபடியும் சிவப்பு. கடிகாரக்காரர் ஒரு தடவை வந்து அட்டையைப் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டார். வயசாகிவிட்டது, கை ஓடவில்லை என்றேன்.

தம்பி ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பினான். மூடிய கட்டடங்களுக்கு அவனை அனுப்புவதில்லை. ஐந்து மணி ஆகி, அன்றைய மெயில் வருகிற நேரம் தாண்டியதும், எங்கே இருந்தாலும் எனக்குப் போன் பண்ணுவான். நேரம் அவனுக்கு மனப்பாடம்.

“வந்துச்சா?”

“வந்துச்சு.”

“தட்டுறானா?”

“தட்டுறான்.”

“சரி” என்று வைத்துவிடுவான். வேறெதுவும் கேட்கமாட்டான். ஒரு நாள் மட்டும், நாங்க இங்கே இருக்கோம்னு அவன்கிட்டச் சொல்ல முடியாதாக்கா என்று கேட்டான். எழுதிப் பார்த்தேன், திரும்பி வருகிறது என்றேன். இருந்தாலும் தினமும் எழுது என்றான். எழுதுகிறேன்.

பேச்சு ஐந்து பதினாறோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு தட்டு மட்டும்தான். முதலில் டக், டக் என்று தெளிவாக இருந்தது. ஐந்து இருபத்தெட்டுக்குக் கொஞ்சம் தளர்ந்தது. ஐந்து முப்பத்திரண்டுக்கு இரண்டு தட்டுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி இருந்தது. நேற்று ஐந்து முப்பத்தாறு. திறந்தேன். பத்து விநாடியும் தண்ணீர்ச் சத்தம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தத்தை முழுக்க ஏற்றி, ஏழு தடவை கேட்டேன். மழை இரைச்சலைத் தவிர எதுவும் இல்லை.

போன் அடித்தது. பின்னால் அவன் வீட்டுச் சத்தம் கேட்டது, பாப்பா எதற்கோ அடம்பிடித்துக்கொண்டிருந்தாள்.

“வந்துச்சா?” என்றான்.

“வந்துச்சு.”

“தட்டுறானா?”

“தட்டுறான்” என்றேன்.

“நல்லா தட்டுறானா?”

“நல்லாத்தான் தட்டுறான்டா.”

அவன் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. நாளைக்கும் பாருக்கா என்றான். பார்க்கிறேன் என்றேன்.